மாமியாருக்காக ஒரு எர்த் கம்பி

காலில் நல்ல ரப்பர் செருப்பு இருந்தால், குளியலறையில் மின்னலே விழுந்தாலும் மனிதனை ஒன்றும் செய்யாது. இது கமண்டேயின் கொள்கை. நைரோபிக்குப் பக்கத்து ஊரான லிமுருவில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில், ரப்பர் பகுதிக்கு அவர்தான் மேஸ்திரி. தொழில்மேல் பக்தி இருக்கத்தானே செய்யும்!

லிமுருவின் ஜூலைக் குளிரில் பச்சைத் தண்ணீர் பட்டால் பல் தந்தியடிக்கும். அதனால் இரண்டு வருஷத்துக்கு முன், தண்ணீர் கொட்டும்போதே சுட வைக்கிற மின்சார ஷவர் ஒன்றை வாங்கி, தம் கையாலேயே மாட்டினார். ஷவரில் மூன்று கம்பிகள் இருந்தன. சுவரில் இரண்டுதான் இருந்தன. கமண்டே கொஞ்சம் யோசித்தார். "மூணாவது உபரி. கம்பெனிக்காரன் தாராள மனசுக்காரன்" என்று சொல்லி, அதை மடித்து டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டார். அன்றிலிருந்து குழாயைத் தொட்டவர்களை அது சுருக்கென்று கடித்தது.

"என்னங்க, இன்னிக்கும் ஷாக் அடிச்சுது" என்பாள் மனைவி நசிமியூ.

"செருப்புப் போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன்."

"ரெண்டு காலுக்கும்?"

"எனக்கு இருக்கறதே ரெண்டு கால்தான்."

"அப்ப இன்னும் தடியா ஒண்ணு கொண்டு வர்றேன்."

இப்படியே வீட்டில் பதினோரு ஜோடி சேர்ந்துவிட்டது. நசிமியூ ஷவரைக் கைகழுவிவிட்டு, அடுப்பில் தண்ணீர் காய்ச்சி வாளியில் தூக்கிப்போய்க் குளித்தாள். கமண்டே மட்டும் செருப்போடு ஷவரில் நின்று, குழாயைத் துண்டால் பிடித்துத் திருகி, வீரமாகக் குளித்தார். விருந்தாளிகளுக்கு உபதேசம் வேறு. "தண்ணியைத் திறந்துட்டு சுவிட்சைப் போடணும். சுவிட்சை அணைச்சுட்டு தண்ணியை மூடணும். ஈரக்கையால சுவிட்சைத் தொடவே கூடாது." உபதேசத்தில் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் மடித்து வைத்த கம்பியில்தான் இருந்தது.

"எலெக்ட்ரீஷியன் கிபேயைக் கூப்பிட்டா என்ன?"

"கிபேயா? என் உசிரு போனாலும் மாட்டேன்."

காரணம் உண்டு. 'எலெக்ட்ரீஷியன்கள் எல்லாம் பயத்தை வித்துப் பிழைக்கிறவங்க' என்று டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், கிபேயின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இனி அவன் வாசலில் போய் நிற்பதாவது!

ஒரு திங்கட்கிழமை, சோளமாவுக் களியான உகாலியைப் பிட்டுக் கீரையில் தோய்க்கும்போது நசிமியூ சொன்னாள்: "சனிக்கிழமை அம்மா வர்றாங்க."

கமண்டே நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கிகுயு இனம். அவள் புக்குசு இனம், அந்தப் பக்கத்து வழக்கமெல்லாம் அவருக்குப் புதிது. மாமியாரைக் கல்யாணத்தில் பத்தடி தள்ளி நின்று பார்த்ததோடு சரி.

"புங்கோமாவுலேருந்து பஸ்ஸா?"

"ஆமா. உடம்பெல்லாம் புழுதியா வந்து இறங்குவாங்க, பாவம். ஏங்க, ஒரு சந்தேகம். குளிக்கிற இடத்துல யாராவது ஷாக் அடிச்சு விழுந்துட்டா, கதவை உடைச்சுட்டு உள்ள போய்த் தூக்கறது யாரு?"

"இதென்ன கேள்வி? நான்தான்!"

சொன்ன பிறகுதான் யோசித்தார். கையிலிருந்த உகாலி கையிலேயே நின்றது.

"எங்க பக்கம், மருமகன் மாமியார் முகத்தை நேரா பாத்தாலே ஒரு ஆடு அபராதம்" என்றாள் அவள், கீரையைப் பரிமாறிக்கொண்டே.

"முகத்துக்கே ஆடா?"

"ஆமா."

"அப்ப..."

கமண்டே அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. சாப்பாட்டையும் முடிக்கவில்லை. கை கழுவிய கையோடு கிபேயின் வாசலில் போய் நின்றார்.

"வாங்கண்ணே! செருப்பு தேஞ்சுபோச்சா?" என்றான் கிபே. கமண்டே பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் கிபே ஏணி போட்டு ஏறிப் பார்த்தான். "அண்ணே, இது ரேடியோவுக்குப் போடற கம்பி. தண்ணியைவிட இதுதான் ஜாஸ்தியா கொதிச்சிருக்கு. ஆமா, மூணாவது கம்பி எங்கே?"

"உபரின்னு மடிச்சு வெச்சேன்."

கிபே ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, அது எர்த் கம்பி, உங்க உசிரைக் காப்பாத்தறதே அதுதாண்ணே!"

தடித்த கம்பி வந்தது. ஷவருக்கென்று தனி பிரேக்கர் வந்தது. வீட்டுக்குப் பின்னால் மண்ணில் செம்புத் தடி இறங்கி, உபரிக் கம்பி அதோடு சேர்ந்தது. கமண்டே பயந்துகொண்டே வெறும் விரலால் குழாயைத் தொட்டார். அது கடிக்கவில்லை.

சனிக்கிழமை மாமியார் வந்தார். ஒரு கோழி, ஒரு வாழைத்தார். வாசலோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "மாப்பிள்ளை சௌக்கியமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். "சௌக்கியம்மா" என்று கமண்டே தரையைப் பார்த்துச் சொன்னார். மூன்று கோப்பை டீ ஆனது. நாலு மணிக்கு அம்மையார் எழுந்து, நைரோபியில் தங்கை வீட்டுக்கு என்று கிளம்பிப் போயே போய்விட்டார்.

கமண்டே மனைவியைப் பார்த்தார். "குளிக்கவே இல்லையே!"

"மருமகன் வீட்டுல மாமியார் குளிக்கறதாவது! எங்க வழக்கத்துல அது கிடையவே கிடையாது."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்கு அப்படிச் சொன்னே?"

"நான் எங்கே சொன்னேன்? சந்தேகம்தானே கேட்டேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ரெண்டு வருஷமா எனக்கு அடிக்குதுன்னு சொன்னேன், செருப்பு கொடுத்தீங்க. எங்கம்மான்னதும் எர்த் கொடுத்தீங்க. வேற என்னங்க செய்யட்டும்?"

கமண்டேக்குச் சுரீரென்றது. இந்த ஷாக்குக்கு எந்தச் செருப்பும் தாங்காது.

அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு வருஷத்து ஷவர் பாக்கியல்லவா, ஒரு மணி நேரம் பாட்டும் ஆவியுமாக வந்துகொண்டிருந்தது. கடைசியில் கமண்டேயும் உள்ளே போய், முறைப்படி குழாயைத் திறந்தார். எர்த் இருந்தது, பிரேக்கர் இருந்தது, கூரைமேல் தொட்டியில் தண்ணீர்தான் இல்லை.