ஒரு சிரட்டைத் தண்ணீர்

"தேத்தண்ணி மேசையில இருக்கு."

இரத்தினம்மா கோப்பையை வைத்த வேகத்தில் பாதித் தேநீர் தட்டுக்கு வந்துவிட்டது. பாதர் அருளப்பு ஜெபப்புத்தகத்தை மூடினார். பங்கு வீட்டுக் குசினியில் பதினொரு வருடமாகச் சமைக்கிறவள். கோபம் வந்தால் உப்பைக் கூட்டுவாளே தவிர, கோப்பையோடு மல்லுக்கு நிற்கிறவள் அல்ல.

"என்ன இரத்தினம்மா, சுகமில்லையோ?"

"எனக்கென்ன கேடு. எட்டுப் பேருக்கு இன்னைக்கு அரைப்பேரு. அதுல ஒருத்தி என் தங்கச்சி சவரியாயி."

அரைப்பேர் என்றால் நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவளுக்குப் பாதி நாள் சம்பளம். ஹந்தானை மலையில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது.

"அரைப்பேரோ? ஏன்?"

"கொழுந்து ஈரமாம். அத நீங்கதான் சாமி சொல்லணும்."

சொல்லித்தான் இருந்தார், முந்திய நாள் பிரசங்கத்தில்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு அது. சின்னப் பாவங்களைப் பற்றிப் பேச எண்ணியிருந்தார். பெரிய பாவங்களுக்கு வேதாகமத்தில் உதாரணம் தாராளம், சின்னதற்குத்தான் பஞ்சம். சனிக்கிழமை மத்தியானம், யன்னலுக்கு வெளியே மழையில் நனைந்த தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தானாக உதித்தது. ஒரு பெண், நிறுக்கப் போகுமுன், தன் கூடைக்குள் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீர் தெளிக்கிறாள். கங்காணிக்குத் தெரியாது. தராசுக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்!

கையையே சிரட்டையாக ஏந்தித் தெளித்துக் காட்டவும் செய்தார். பெண்கள் பக்கத்தில் இருமல்கூட நின்றுபோனது. பதினொரு வருடத்தில் இவ்வளவு கவனமாக யாரும் தன் பிரசங்கத்தைக் கேட்டதில்லை என்று அவருக்கு உள்ளம் குளிர்ந்தது.

முன் வாங்கில் உட்கார்ந்து, அதைவிடக் கவனமாகக் கேட்டவர் கணக்கப்பிள்ளை பாக்கியநாதன். மறுநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒவ்வொரு கூடையையும் சாக்கில் கவிழ்த்து, அடிவரை கையைவிட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஆரும் சொல்லேல்லை இரத்தினம்மா. நானாய் யோசிச்ச கதை அது."

"செரட்டையுமா சாமி யோசிச்சீங்க?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் பாதருக்கு விளங்கியது. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பிரசங்கத்தில் அவிழ்த்துவிட்டார் என்றல்லவா சனம் நினைக்கிறது! ஒரு குருவுக்கு அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. நினைவைத் துருவிப் பார்த்தார். கூடையும் இல்லை, தண்ணீரும் இல்லை. கோபப்பட்டேன், பிள்ளையை ஏசினேன், ஒரு ஞாயிறு பூசைக்கு வரவில்லை. பதினொரு வருடமாக அவர் கேட்டது அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருக்கும் தங்கைக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம், 'என் சனம் பாவமறியாத சம்மனசுகள்' என்று எழுதுகிறவர் அவர்.

ஆனால் அதை எழுந்து நின்று சொல்ல முடியுமா? கேட்டதைச் சொல்லக்கூடாது என்றால் கேட்காததையும் சொல்லக்கூடாது. இன்றைக்கு ஒன்றை இல்லையென்றுவிட்டு, நாளைக்கு இன்னொன்றுக்கு வாய் மூடினால், அது உண்டென்று ஆகிவிடும்.

உபதேசியார் சந்தியாகுவைக் கூப்பிட்டார். பூசைக்கு மணியடிக்கிறதும் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கிறதும் சந்தியாகுவின் வேலை.

"லயத்துக்குப் போய்ச் சொல்லும், பாதர் சொன்னது கற்பனைக் கதை எண்டு. வேறை ஒண்டும் சொல்லக்கூடாது."

தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து சந்தியாகு ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். சட்டைப்பை கிழிந்து தொங்கியது.

"சொன்னனீரோ?"

"சொன்னேன் சாமி. 'சாமிக்கு யாரும் சொல்லல, அவரே யோசிச்சாரு'ன்னேன். எல்லாரும் சிரிச்சாளுக. 'நாம எத்தன செரட்ட ஊத்துறோம்னு அவருக்கு யோசனையில தெரியுமா'ன்னாளுக. அப்புறம் பீலியில தண்ணி புடிக்கிற எடத்துல ஒருத்தி மத்தவள, 'நீதாண்டி சொன்ன!'ன்னா. அவ இவ கொண்டையப் புடிச்சா. வெலக்கப் போனேன்."

"என்னைப் பற்றி என்ன சொல்லுதுகள்?"

"ஒங்களப் பத்தி யாரும் வாயே தெறக்கல சாமி."

அதுதான் பாதரைச் சுட்டது. ஏசியிருந்தாலாவது பதில் சொல்லலாம்.

அடுத்த ஞாயிறு, பாவசங்கீர்த்தன இரகசியத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார். குரு கழுத்தைக் கொடுப்பானே தவிர, கேட்டதைச் சொல்லமாட்டான். அரசன் கேட்டாலும் சொல்லமாட்டான். தன் பூசைத் திராட்சை இரசத்தில் நஞ்சு கலந்தவனே வந்து முழந்தாளிட்டுச் சொன்னாலும், வெளியே வந்து முகத்தில் காட்டமாட்டான். நிமிர்ந்து பார்த்தால் ஒரு பெண்ணும் அவரைப் பார்க்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். வந்தது ஒரு கோழி. அது முழந்தாள் பலகையில் ஏறி, கம்பி வலைக்குள் ஒரு கண்ணால் அவரைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

உயிர்த்த ஞாயிறுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள் நற்கருணை நன்மை வாங்க முடியாது. அறுபத்து மூன்று குடும்பம். பெருநாளன்று நற்கருணைக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, முன்னால் ஒருவரும் முழந்தாளிடாமல் தான் நிற்பதை அவர் மனக்கண்ணால் கண்டார். தொட்டியின் இருட்டில் இன்னொன்றும் தோன்றியது. பூசை முழுக்க லத்தீனில் நடக்கிறது; ஒருவருக்கும் ஒரு சொல் விளங்காது; அதனால் ஒரு சண்டையும் வந்ததில்லை. பிரசங்கம் ஒன்றுதான் விளங்கும். வினை அங்கேதான் வந்தது.

கணக்கப்பிள்ளையிடம் போனார்.

"பாக்கியநாதன், கூடை கவிழ்க்கிறதை நிப்பாட்டும். நான் சொன்னது கதை."

பாக்கியநாதன் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தணித்தார்.

"வெளங்குது சாமி. ஒங்க நெலமை எனக்கு வெளங்குது. பேரு சொல்ல வேணாம். நான் ஒவ்வொரு பேரா வாசிக்கிறேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க."

"எனக்குத் தெரியாது எண்டு சொல்லுறன், மனுஷா!"

"அதான் சாமி, அப்படித்தான் சொல்லணும். சட்டம் அப்படித்தானே?"

பாதர் நேரே தோட்டத் துரையின் பங்களாவுக்கு ஏறினார். மாதம் ஒருமுறை துரையோடு தேநீர் குடிக்கிற வழக்கம் அவருக்கு உண்டு. கோயில் கூரைத் தகரம் துரை தந்தது. துரை எழுந்து வந்து கை கொடுத்தார். இந்த இரண்டு வாரத்தில் கொழுந்தின் தரம் கூடியிருக்கிறதாம். பத்து வருடமாகக் கங்காணிகளால் முடியாததை ஒரு பிரசங்கம் செய்துவிட்டதாம். கூடை சோதிப்பதை நிறுத்தச் சொல்லி பாதர் கேட்டபோது, அவருடைய தாழ்மையை மெச்சினார். கேக் வெட்டிக் கொடுத்தார். வாசல்வரை வந்து, அடுத்த ஞாயிறு காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் துரை தன் ஜீப்பிலேயே அனுப்பி வைத்தார். இரண்டு லயத்துக்கும் நடுவால்தான் பாதை. ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. பாதர் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். அந்தக் கையில் துரை வீட்டுக் கேக் பொட்டலம் இருந்தது.

அன்று மாலை இரத்தினம்மா குழம்பில் உப்பே போடவில்லை.

"லயத்துல மூணு அடுப்பு பிரிஞ்சிருச்சு சாமி. அக்கா தங்கச்சியோட பேசுறதில்ல. மாமியா மருமகளோட பேசுறதில்ல."

"உன்ரை தங்கச்சி?"

"நான் ஒங்க குசினியில நிக்கிறவதானே. நான்தான் சொன்னேன்னு அவளே சொல்றா."

பாதர் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு, அம்பிட்டியக் குருமடத்துக்குக் கடிதம் எழுதினார். 'என் சனத்துக்கு என்னில் நம்பிக்கை விட்டுப்போயிற்று. பெரிய வாரத்துக்கு முன் வேறொரு குருவை ஒருநாள் அனுப்பிவைத்தால் போதும்.' கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினார்.

வந்தவர் பாதர் லெயோன். எண்பது வயதுக்கு ஒன்று குறைவு. பிரான்சிலிருந்து கப்பலில் வந்து, நாற்பது வருடமாகக் குருமடத்தில் லத்தீன் படிப்பிக்கிறவர். வெள்ளைத் தாடி. சிங்களத்தில் 'சோறு', 'தண்ணீர்', 'போதும்' மட்டும் தெரியும்.

"தமிழ்?" என்று அருளப்பு ஆங்கிலத்தில் கேட்டார்.

கிழவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். இல்லை.

"அப்படியானால் எப்படி?"

"மற்றவர்கள் எல்லாருக்கும் வேலை. கடவுளுக்குத் தமிழ் தெரியும், மகனே. நான் மன்னிப்புச் சொன்னால் போதும்."

கோயிலுக்குள் அதற்குள் பத்துப் பெண்கள் வரிசை பிடித்திருந்தார்கள். அருளப்புவின் மனச்சாட்சி சும்மா இருக்கவிடவில்லை. கிழவருக்குத் தமிழ் விளங்காது என்று தெரியாமல் சனம் போய் ஏமாறக்கூடாது. தெரிந்தால் பாதிப்பேராவது தன் பக்கம் திரும்புவார்கள் என்ற நப்பாசையும் கொஞ்சம் இருந்தது. பீடத்தின் முன்னால் நின்று சத்தமாகச் சொன்னார்:

"ஒரு விஷயம் சொல்லவேணும். இந்தப் பாதருக்குத் தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. விளங்கச் சொல்ல விரும்புற ஆக்கள் இந்தப் பக்கத் தொட்டிக்கு வரலாம். நான் இருக்கிறன்."

பின்னால் நின்ற பெண் ஒருத்தி வெளியே ஓடினாள்.

"தமிழு தெரியாதாம்! ஏய், வாங்கடி! தமிழே தெரியாதாம்!"

பத்து முப்பதானது. முப்பது கோயிலைவிட்டு வெளியே போய், மாதா சிலைக் கெபியைச் சுற்றி, பாதைவரை நீண்டது. பெருநாளுக்குக்கூடக் கோயில் வாசல் மிதிக்காத ஆம்பிளைகள் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். பாக்கியநாதன் கணக்கப்பிள்ளை பெண்களுக்கு வழிவிடாமல் முன்னால் நுழைந்தார். ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் முடிகிற சடங்கு, கால் மணித்தியாலம், அரை மணித்தியாலம் என்று இழுத்தது. தொட்டிக்குள்ளிருந்து விம்மல் கேட்டது. ஒருத்தி சத்தமாகவே அழுதாள். சவரியாயி வெளியே வந்தபோது முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது; வாசலில் நின்ற அக்காள் இரத்தினம்மாவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

எதிர்ப்பக்கத் தொட்டியில் பாதர் அருளப்பு ஊதா நிறப் பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோழியும் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எழுந்து வெளியே வந்தார். இரத்தினம்மா வரிசையில் நின்றாள். கையில் கிழவருக்கு ஊற்றிய தேத்தண்ணிக் கோப்பை.

"நீயுமோ இரத்தினம்மா?"

"ஆமாங்க சாமி."

"பதினொரு வருஷம் எனக்குச் சமைச்சுப்போட்டனி. நான் என்ன பிழை செய்தனான் எண்டு நீயாவது சொல்லு."

வரிசை ஓரடி நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள். அவரும் கூட நகர்ந்தார்.

"ஆண்டவர் சத்தியமாய்ச் சொல்லுறன். இங்கை கேட்ட ஒரு சொல்லும் என்ரை வாயாலை வெளியிலை போகேல்லை. செத்தாலும் போகாது. அதை நம்பாமல், முழுச் சனமும் என்னிலை இப்படிக் கோவப்பட்டால் நான் எங்கை போறது?"

இரத்தினம்மா அவரைப் பார்த்தாள். அவளுக்கே இரக்கமாகப் போய்விட்டது.

"ஒங்க மேல யாருக்குங்க சாமி கோவம்? ஒங்ககிட்ட யாரும் நெசத்தச் சொல்றதில்லன்னு லயத்துல நீங்க வந்த வருசமே பேசி முடிச்சதுதானே. அத மீறிச் சொன்னவ எவளுன்னுதான் எல்லாரும் தேடிக்கிட்டிருக்கோம்."