சிடி காணிக்கை கேட்ட முற்பிறவிச் சாமியார்

2008-ஆம் ஆண்டு கடலூரிலிருந்து சிதம்பரம் போன பஸ்களெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே போயின. அத்தனை கூட்டம்! நடராஜரைப் பார்க்கவா? அவர் எங்கே ஓடிவிடப் போகிறார்? கீழவீதி மண்டபத்தில் சடையப்ப அடிகள் முற்பிறவி சொல்கிறார், அதைக் கேட்கத்தான்!

அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் எங்கள் மஞ்சக்குப்பம் வரலாற்று ரசிகர் வட்டத்து ஆட்கள். ஞாயிறுதோறும் கூடுவோம். "இந்த வீடியோவப் பாருங்க, சிரிப்பும் வரும், சரித்திரமும் வரும்." "இந்தப் பாட்காஸ்ட்டக் கேட்டா பஸ்ஸ வுட்டு எறங்க மனசு வராது." "இந்தப் புக்கப் படிக்காதவன் மனுஷனா?" இப்படி ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்வதுதான் வேலை. அடிகளுக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது.

தேங்காய், பழம் வேண்டாம் என்றார். மனதுக்குப் பிடித்த வரலாற்று சிடியையோ புத்தகத்தையோ மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுக்க வேண்டும். அதில் ஆத்மாவின் அதிர்வு ஒட்டியிருக்குமாம். ஒரு வாரம் தலைமாட்டில் வைத்துப் படுத்தால் கொடுத்தவரின் முற்பிறவி தெரியுமாம். தலைமாட்டில் டிவிடி பிளேயரும் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடற்படை வீடியோ கொடுத்த மணவாளன் கப்பல் தளபதியானார். கோயில் புத்தகம் கொடுத்த ரத்தினம்மாள் பட்டத்து ராணியானார். நாற்று நட்டவர் ஒருவர்கூட இல்லை. அத்தனை படைக்கும் யார் சோறு போட்டார்களோ!

"சிடியில இருக்கறத அப்படியே சொல்றாருங்க!" என்று மணவாளன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்படியே சொன்னா சிடியப் பாத்திருக்காருன்னு அர்த்தம், தளபதியாரே" என்றேன். அன்றோடு வட்டத்தில் எனக்குக் காப்பி நின்றது.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் மனைவியின் தம்பி சபாபதியும் ஒரு கோட்டை முற்றுகை வீடியோவைக் கொடுத்துத் தொலைத்தான். அதில் ஒரு துரோகி எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுவான். அடிகள் கண்ணை மூடிச் சொன்னார்: "அந்தத் துரோகிதான் உன் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. அன்று செத்தவள் உன் மகள்."

பத்திரிகை அடித்தாயிற்று. திருவந்திபுரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை அறிவழகன் நெல்லிக்குப்பத்தில் டிராக்டர் மெக்கானிக். அவன் இதுவரை திறந்ததெல்லாம் என்ஜின்தான்.

"நிறுத்திடலாம் மாமா. பொண்ணு உசுரு முக்கியம்" என்றான் சபாபதி.

"ஏன் மச்சான், அந்த வீடியோவுல நீ யாரு? கோட்டைச் செவுரா?"

சபாபதியின் மகள் சந்திரலேகா அழவில்லை. "மாமா, நாமளும் ஒரு சிடி குடுப்போம். கதைய நீங்க வுடுங்க, நான் பேசறேன்" என்று என் காதில் சொன்னாள்.

கதை விடச் சொன்னால் எனக்குக் கசக்குமா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கீரப்பாளையத்தை ஆண்ட காரவேந்தன் என்று ஒருவனைப் பெற்றுப்போட்டேன். எதிரி யானைகளின் கண்ணில் வண்டி வண்டியாக மிளகாய்த்தூள் தூவி வென்றவன்! சந்திரலேகா பாட்காஸ்ட் மாதிரியே கணீரென்று பேசிப் பதிந்தாள். மஞ்சள் துணி சுற்றி, பயபக்தியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எனக்கு அவரு சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்று சபாபதியையும் அடுத்த ஞாயிறு மண்டபத்துக்கு இழுத்துப் போனேன்.

அடிகள் கண்ணை மூடினார். உடம்பு உதறியது. "தெரிகிறது... கீரப்பாளையம்... நீ காரவேந்தனின் படைத்தலைவன்!"

கூட்டம் "ஆகா!" என்றது. நான் தடாலென்று விழுந்து கும்பிட்டேன். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

"வண்டி வண்டியாக மிளகாய்த்தூள்... யானைகள் பிளிறிக்கொண்டு..."

"வெள்ளாற்றில் குதித்தன! ஆறே குழம்பாய்ச் சிவந்தது!" என்று கூட்டத்திலிருந்து முடித்துவைத்தாள் சந்திரலேகா.

அடிகளின் கண் பட்டென்று திறந்தது. ஒரு வாரம் தலைமாட்டில் கேட்ட குரலாயிற்றே!

"ஏன் சாமி, மொளகா கப்பலேறி நம்ம நாட்டுக்கு வந்தே ஐந்நூறு வருஷம்தான் ஆவுது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி யான கண்ணுல யாரு தூவுனது?"

சொல்லிவிட்டு, சிடியின் நகலை மண்டபத்து பிளேயரில் போட்டாள். அதே யானை, அதே வெள்ளாறு, அவள் குரல். "அது வந்து... அதிர்வு..." என்று மேடையில் ஆரம்பித்த அடிகள், பின்வாசலில் முடித்தார்.

சபாபதி தலை நிமிரவில்லை. "பந்தல்காரன வரச் சொல்லுங்க மாமா."

"மொதல்ல அவுங்க வூட்டுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளுப்பா" என்றாள் மகள்.

மணவாளன் மட்டும் முனகினார்: "இருந்தாலும் என் கப்பல் விஷயத்த சரியாத்தான் சொன்னாரு."

இப்படிப்பட்ட ஆளுக்கு எந்த வீடியோவைச் சிபாரிசு செய்து என்ன பயன்? போன பிறவியில் யார் தலையை வெட்டினோம் என்று தெரிந்துகொள்ளப் பஸ் ஏறுகிறவர்களே, இந்தப் பிறவியில் உங்கள் கழுத்துக்கு மேலும் ஒன்று இருக்கிறது. அதை எப்போது உபயோகிக்கப் போகிறீர்கள்?