எனக்கில்லைங்க, வீட்டுக்கு

நூலகத்தில் பல உயிரினங்கள் வாழ்கின்றன. கறையான், கரப்பான், விரித்த செய்தித்தாளுக்குப் பின்னால் குறட்டை விடும் ஓய்வுபெற்ற அதிகாரி. இவர்களைப் பற்றியெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். ஆனால் பட்டப்பகலில் நம் கண்ணெதிரே நடமாடியும் இன்னும் யாரும் பெயர் வைக்காத ஓர் இனம் உண்டு. அந்தக் குறையை இன்றைக்குத் தீர்த்துவிடுவோம். அதன் பெயர் 'எனக்கில்லைங்க' இனம்.

அடையாளம் காண்பது சுலபம். கையில் நான்கு புத்தகங்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே தலையணை கனத்துக்கு வரிச் சட்டமோ கழிவுநீர் மேலாண்மையோ எதையாவது வைத்திருப்பார். அதற்கு அடியில், முதுகு உள்பக்கமாகத் திரும்பி, அட்டை கீழ்நோக்கி, வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று புத்தகங்கள் இருக்கும்: ஒரு காதல் கதை, ஒரு பேய்க் கதை, ஒரு குழந்தைகள் கதை. மேசைக்கு வருவார். நூலகர் தலையை நிமிர்த்துவதற்குள் முந்திக்கொள்வார்.

"எனக்கில்லைங்க. வீட்டுக்கு."

யார் கேட்டது?

யாருமே கேட்கவில்லை. ஆனாலும் சொல்வார். குழந்தைகள் பகுதிக்குள் நுழையும்போது, ஏதோ ஒழுகுகிற கூரையைப் பார்வையிட வந்த பொறியாளர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு நுழைவார். ஒரு புத்தகத்தைப் பிரித்து எழுத்தின் அளவைச் சோதிப்பதாகப் பாவனை செய்வார், காகிதத்தைத் தடவிப் பார்ப்பார், "இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு என்னதான் எழுதுறாங்களோ" என்று அலமாரியிடம் அலுத்துக்கொள்வார், இத்தனையும் செய்துகொண்டே முதல் அத்தியாயத்தை நின்றபடியே முடித்துவிடுவார். முட்டி வலிக்கும். அதற்கும் வயசைத்தான் குறை சொல்வார்.

இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி ஒருவரைக் காட்டுகிறேன், வாருங்கள். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவின் மேற்பார்வையாளர். குழாய் உடைந்தாலும், மீட்டர் ஓடாமல் நின்றாலும், அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் வந்து நம் வீட்டுக்கு மட்டும் வராமல் போனாலும் அவரிடம்தான் வர வேண்டும். அவர் நேராக நிமிர்ந்து நடப்பதைப் பார்த்து அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ரூல்தடி. அந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்பதுபோல அவரும், அவருக்குத் தெரியாது என்பதுபோல மற்றவர்களும் வெகுகாலமாக நடித்து வருகிறார்கள்.

ஒருநாள் தட்டச்சுப் பெண் மேசை இழுப்பறைக்குள் நாவல் ஒன்றை வைத்துப் படித்துக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"ஆபீஸ்ல கதைப் புத்தகமா? குழந்தையா நீங்க?"

புத்தகம் பறிமுதல் ஆனது. இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். கூடவே புத்திமதியும் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்கே. யார்கிட்ட இருக்குன்னு கொஞ்சம் பாருங்க. பொருள் முழுசா இருக்கணும் இல்லையா?"

இப்பேர்ப்பட்டவர் தன் பெயரில் ஒரு கதைப் புத்தகம் எடுக்க முடியுமா? முடியாது. ஆகவே வீட்டில் இருக்கும் எல்லோரையும் நூலகத்தில் உறுப்பினராக்கினார். மனைவி பெயரில் காதல் கதை. மனைவியின் தம்பி பெயரில் பேய்க் கதையும் கொலைக் கதையும். மகள் பெயரில் குழந்தைகள் புத்தகம். தன் பெயரில் மட்டும் கழிவுநீர் மேலாண்மை, திரும்பத் திரும்ப அதே புத்தகம். உண்மையில் அந்த வீட்டில் யார் என்ன படித்தார்கள்? மனைவி வீட்டு முன்னறையில் தையல் மிஷினை விட்டு எழுந்திருப்பதே அபூர்வம். மச்சினன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன், சட்டையைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுவான். நாலாம் வகுப்புப் படிக்கும் மகளோ பள்ளிப் புத்தகத்தையே பந்து கிடைக்காதபோதுதான் தொடுவாள்.

நூலகர் அம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வந்தவர்களையெல்லாம் அன்போடு விசாரிக்கிற நல்ல மனசு.

"உங்க வீட்டம்மா அந்தக் காதல் கதையை முடிச்சாங்களா சார்?"

"முடிச்சா, முடிச்சா. அந்த ரெண்டாவது அண்ணன் கடைசியில பண்ணின துரோகத்தைத்தான் தாங்க முடியலை. ரெண்டு நாள் சாப்பிடவே இல்லை."

"அடப்பாவமே! மச்சினர் எப்படி, பேய்க் கதையெல்லாம் பயப்படாம படிக்கிறாரா?"

"தைரியசாலிங்க. விளக்கை மட்டும் அணைக்க விட மாட்டான்."

காதல் கதையும் பேய்க் கதையும் அவருக்குப் பொழுதுபோக்குதான். உயிரே போனாலும் விட முடியாதது மகள் பெயரில் எடுத்ததுதான். தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற ஒரு வாத்து. நீந்தப் பயந்து ஒரு படகை வாங்கிக் கேப்டன் ஆகிவிடுகிறது. படகுக்குச் சுக்கான் பிடிக்க ஒரு கிழட்டுத் தவளை. இந்த இரண்டு பேரும் ஊர் ஊராகப் போய்ப் படும் பாடுதான் கதை. எட்டுப் பாகங்கள். எட்டையும் அலுவலகக் கோப்புக்குள் ஒளித்துவைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்துவிட்டார். எட்டாம் பாகத்தின் முடிவில் புயல் அடிக்கிறது. தவளை தண்ணீருக்குள் விழுந்துவிடுகிறது, கால் கயிற்றில் சிக்கி மேலே வர முடியவில்லை. படகின் விளிம்பில் வாத்து தனியாக நிற்கிறது, ஒரே ஒரு காலைத் தண்ணீரில் வைத்தபடி. அங்கே போட்டுவிட்டார்கள் ஐயா, 'தொடரும்' என்று! ஒரு வருஷமாக மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புகார் கொடுக்க வந்தவர்கள் "சார், தண்ணி" என்று ஆரம்பித்தாலே கண் கலங்கினார்.

இந்த நிலையில்தான் நூலகர் அம்மாள் அந்த நல்ல செய்தியைச் சொன்னார்.

"சார், இந்த வருஷம் ஆண்டு விழாவுல சிறந்த வாசகக் குடும்பத்துக்குப் பரிசு தரப்போறோம். வேற யாருக்குத் தர முடியும்? ஒரே வீட்டுல எல்லா வயசுக்கும் எல்லா வகையும் படிக்கிறது நீங்க மட்டும்தான்! எல்லாரும் மேடைக்கு வந்து ஆளுக்கொரு புத்தகத்தைப் பத்திப் பேசணும். உங்க பொது மேலாளர் அம்மாதான் சிறப்பு விருந்தினர். ஆபீஸ்ல எல்லாரையும் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்காங்க."

ரூல்தடி கழிவுநீர் மேலாண்மையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க. எங்க வீட்டுல எல்லாரும் கூச்ச சுபாவம்."

"அப்படியா? சரி, அப்ப பல் டாக்டர் வீட்டுக்குத்தான் போகும். பாப்பா கொடுத்து வைக்கலை. பரிசு என்ன தெரியுமா? அந்த வாத்துக் கதையோட ஒன்பதாம் பாகம். நேத்துதான் வந்தது. ஒரே ஒரு பிரதி."

கண்ணாடி அலமாரிக்குள் வாத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கடையில் கேட்டுப் பார்த்திருந்தார், எப்போது வரும் என்றே தெரியாது என்று கையை விரித்துவிட்டார்கள். பல் டாக்டர் வீட்டு இரட்டைப் பையன்கள் புத்தகத்தைப் படிப்பதற்கு முன்னால் கடித்துப் பார்க்கிற ரகம். மானமா, வாத்தா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவர் கழிவுநீர் மேலாண்மையை மேசைமேல் வைத்துவிட்டு, "பாப்பா ஆசைப்படுவா. வந்துடறோம்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவசரக் கூட்டம். குற்றவாளியே அழைத்த கூட்டம். எல்லாவற்றையும் கேட்டு முடித்த மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"அப்ப அந்த ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்தது இதுக்குத்தானா? வயித்து வலின்னு சொன்னீங்களே! நான் வெந்நீர் வச்சு வச்சுக் கொடுத்தேனே!"

"அந்த ரெண்டாவது அண்ணன் பண்ணினதைக் கேட்டா உனக்கும் வயித்தை வலிக்கும்."

"என் பேருல எத்தனை காதல் கதைங்க படிச்சிருக்கேன் நான்?"

"எண்ணலை. ஆனா நல்ல ரசனை உனக்கு."

மச்சினன் சுவரில் சாய்ந்து, "மாமா, என் பேருல கொலைக் கதை எடுத்தீங்களே, போலீஸ் கீலீஸ் வந்து கேட்டா?" என்று கவலைப்பட்டான். மகள் மட்டும் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டே, "எனக்கு என்ன கதை?" என்றாள்.

ஒரு வாரம் பாடம் நடந்தது. மனைவிக்குத் துணியை வெட்டவிட்டுக் காதல் கதை, மச்சினனுக்குக் கண்ணில் தண்ணீர் தெளித்துப் பேய்க் கதை, மகளுக்கு வாத்து. அதுவரை அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் "ஃபேனை அணை", "செருப்பை நேரா விடு" என்கிற மாதிரி உத்தரவுகள்தான். இப்போது பார்த்தால் தவளைக்கு ஒரு குரல், வாத்துக்கு ஒரு குரல், புயலுக்குக் கன்னத்தை உப்பி ஒரு குரல். மனைவி கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி "அப்புறம்?" என்று கேட்டாள். பந்து சுவரில் படும் சத்தம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

விழா நாளும் வந்தது. முன்வரிசையில் பொது மேலாளர் அம்மா. பிறந்ததிலிருந்தே சிரித்ததில்லை என்று அலுவலகத்தில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். பின்வரிசை முழுக்கக் குடிநீர் அலுவலகம், அதில் தட்டச்சுப் பெண் நாற்காலி நுனியில். வாசலில் மேலாளரின் டிரைவர்.

மனைவி மேடையேறி அந்த ரெண்டாவது அண்ணனை நார்நாராகக் கிழித்தாள். கைதட்டல். மச்சினனிடம் நூலகர், "பேய்க் கதை பயமா இல்லையா?" என்று கேட்டதற்கு, "பேய் பரவாயில்லைங்க. மாமா சொன்ன விதம்தான் பயமா இருந்துது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். கூட்டம் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டது. ரூல்தடி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கழிவுநீர் மேலாண்மையைப் பற்றி அவர் முதலிலேயே பேசி முடித்திருந்தார். இன்னும் ஒருத்திதான் பாக்கி. மேசைமேல் ஒன்பதாம் பாகம், சிவப்பு ரிப்பன் கட்டி, கைக்கெட்டும் தூரத்தில்.

மகள் மைக்கின் முன்னால் நின்றாள். அத்தனை முகங்களைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஒரு வாத்து... தண்ணின்னா பயம். அதுக்கு ஒரு தவளை ஃபிரண்டு. புயல்ல தவளை தண்ணியில விழுந்துடுச்சு. வாத்து பயந்து போயி..." கூரையைப் பார்த்தாள். "பயந்து போயி... ஓடிடுச்சு."

"ஓடலை!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. ரூல்தடி எழுந்து நின்றுகொண்டிருந்தார். தாம் எழுந்தது அவருக்கே தெரியாது.

"ஓடலைங்க. அப்படிச் சொல்லக்கூடாது. பாவம் அது. படகு ஓரத்துல நிக்குது. உடம்பெல்லாம் நடுங்குது. பிறந்ததுலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி காலில பட்டதில்லை அதுக்கு. ஆனா கீழ தவளை இருக்கு. அதனால ஒரு காலை எடுத்துத் தண்ணியில வச்சுது. சில்லுனு இருந்துது. செத்துடுவோம்னு நினைச்சுது. ஆனா வச்ச காலை எடுக்கலைங்க. எடுக்கவே இல்லை."

குரல் உடைந்துவிட்டது. தலைநரைத்த மனிதர், புகார்ப் பிரிவு மேற்பார்வையாளர், ஒரு வாத்துக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடு அரங்கில் நின்றார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வழக்கமான வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். அது வரவில்லை.

பொது மேலாளர் அம்மா முன்வரிசையிலிருந்து மெதுவாகத் திரும்பினார்.

"அப்புறம்?"

"மேடம்?"

"வாத்து குதிச்சுதா, இல்லையா?"

"தெரியலை மேடம். அது ஒன்பதாம் பாகத்துலதான் இருக்கு."

அம்மாவின் பார்வை மேசைமேல் இருந்த ரிப்பனுக்குப் போயிற்று. பிறகு சுற்றிலும் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எனக்கில்லை. எங்க டிரைவர் கேட்பார்."

வாசலில் நின்ற டிரைவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

பரிசு யாருக்குப் போயிற்று என்கிறீர்களா? நூலகர் அம்மாள் குழம்பிப்போய், வாத்துக் கதை எடுத்த உறுப்பினர் அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தானே தர வேண்டும் என்று மகளிடமே கொடுத்துவிட்டார். வீட்டுக்கு நடந்து போகும்போது ரூல்தடி அவள் பக்கத்தில் வந்து, வெகு சாதாரணமாகக் கையை நீட்டினார்.

"கனமா இருக்கும். அப்பா தூக்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம்ப்பா. எட்டு நீங்க படிச்சாச்சு. இது என் பேருல கொடுத்தது. நான் படிச்சுட்டுத் தரேன்."

படிக்கிறாள். இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து, பந்து விளையாட்டுக்கு நடுவே அரைப் பக்கம், பள்ளிக்குக் கிளம்பும்போது கால் பக்கம். அப்பா செருப்பை நேராக விடச் சொல்வதையே மறந்து அவள் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்க்கிறார். பார்த்தால் புத்தகத்தை மூடிவிடுகிறாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு கண்ணு, ரெண்டாவது காலையும் வச்சுதா?" என்று கெஞ்சுகிறார். "நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கோங்க" என்கிறாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் இப்படி ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

சரி, அவர் தவிக்கட்டும். நீங்கள் இதை இவ்வளவு தூரம் படித்து வந்துவிட்டீர்கள். படிக்கும்போது, "அட, அப்படியே நம்ம பக்கத்து வீட்டுக்காரர்!" என்று நினைத்தீர்கள், இல்லையா? அவருக்கு அனுப்பலாம், மாமாவுக்குக் காட்டலாம், ஆபீஸில் ஒருத்தருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும் என்று மனசுக்குள் ஆள் பிடித்துக்கொண்டே வந்தீர்கள். யாராவது இப்போது உங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

சொல்லிவிடுங்கள். யாரும் கேட்கத்தான் இல்லை.