நீலப் பரலும் அம்மாவின் பாறணையும்

"பன்ரண்டாம் வகுப்புப் படிச்சாப் போலை மழையை நிப்பாட்டிப் போடுவியோ?"

பெரியம்மா இப்படிக் கேட்டபோது, நான் ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் பரலை (பெரிய பீப்பாய்தான்) படகுத்துறையிலிருந்து வீட்டு முற்றம்வரை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தேன். மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை.

"மழையை நிப்பாட்ட ஏலாது பெரியம்மா. மழைக்கு ஆயத்தமா இருக்க ஏலும்."

(இது என் சொந்த வசனம் இல்லை. முதல்நாள் ஊர்காவற்றுறையில் நடந்த பயிற்சியில் எழுதியெடுத்து, அடிக்கோடும் போட்டு வைத்திருந்தது.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வாங்குவரை பார்த்தவள் நான்தான். அப்பா நயினாதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் ஓடும் படகில் கயிறு கட்டுகிறவர். கையெழுத்து வைக்கச் சொன்னால் பெருவிரலை நீட்டுவார். அம்மாவும் அவருடைய அக்காவான பெரியம்மாவும் பள்ளிக்கூட வாசலோடு திரும்பியவர்கள். இப்படியொரு வீட்டில் ஒருத்தி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தால் என்ன செய்வாள்? கண்ணில் பட்டதையெல்லாம் திருத்துவாள். நான் அந்த மாதங்களில் உப்புப் போத்தல் இருந்த இடத்தைக்கூட மூன்று தரம் திருத்தினேன்.

அது சுனாமிக்கு அடுத்த வருசம். வீட்டுக்கு வீடு அவசரகால ஆயத்தம் வேண்டும் என்று எல்லா இடமும் பேச்சாக இருந்தது. பயிற்சி தந்தவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். காற்றுப் புகாத ஒரு பெரிய பாத்திரம், அதற்குள் இரண்டு கிழமைக்கு உலர் உணவு, நெருப்புப்பெட்டி, மருந்து, முக்கிய பத்திரங்கள். எல்லாம் ஒரே இடத்தில், ஒரே மூடிக்குள். கடைசியில் ஆளுக்கொரு விசிலும் தந்தார். நான் அந்த விசிலைக் கழுத்தில் போட்டபடிதான் படகேறினேன். (அப்பா அதைப் பார்த்துவிட்டு, என்னைத் தெரியாதவர் போல மற்றப் பக்கம் திரும்பிக் கயிற்றைச் சுருட்டினார்.)

பிரச்சினை என்னவென்றால், அம்மாவின் குசினியில் ஏற்கெனவே ஓர் ஆயத்தம் இருந்தது. எனக்குத்தான் அது தெரியவில்லை. வாசல் பக்கத்து இறாக்கைத் தட்டு மச்சத்துக்கு. மீன் சட்டி, கருவாட்டுப் பெட்டி, அவற்றுக்கென்று ஓர் அகப்பை. சாமியறைப் பக்கத்து இறாக்கை சைவத்துக்கு. விரத நாளுக்கென்று அரிசி, பருப்பு, மல்லி, விரதச் சட்டி. இரண்டுக்கும் நடுவில் அம்மாவைத் தவிர யாரும் போய் வரக்கூடாது.

"இதெல்லாம் இட விரயம் அம்மா. ஒரு வீட்டுக்கு என்னத்துக்கு ரெண்டு குசினி?"

"அது அப்பிடித்தான் பிள்ளை."

"அது அப்பிடித்தான் எண்டுறது ஒரு விளக்கமே?"

அம்மா அகப்பையைக் கழுவப் போய்விட்டார். படித்த பிள்ளையோடு வாதாடக்கூடாது என்று அவருக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணத்தை வளர்த்துவிட்டவளும் நான்தான்.

ஆக, இரண்டு இறாக்கைகளும் பரலுக்குள் போயின. அடியில் அரிசி. மேலே பருப்பு, மல்லி, சீனி, பனங்கிழங்கு ஒடியல் மா, சவர்க்காரம், கொசு விரட்ட நுளம்புத்திரி. பெரியம்மாவிடமும் பேசி, குடும்பத்துக்கு ஒரே சேமிப்பு என்று விளங்கப்படுத்தி, ஒரு பை அரிசி வாங்கிப் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே சத்துணவாக இரண்டு கிலோ பாரைக் கருவாடு, இரட்டைப் பொலித்தீன் பையில். அதற்கும் மேலே என்னுடைய சாதாரணதரச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அடங்கிய கோவை. மூடியைப் போட்டு, சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டி, விளிம்பில் மெழுகும் உருக்கி ஊற்றினேன். வெளியே பெரிய எழுத்தில் "அவசரகாலத்துக்கு மட்டும்" என்று எழுதினேன். அந்த வீட்டில் அதை வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பது அப்போது மூளையில் ஏறவில்லை.

பரல் தகரக் கூரைக்குக் கீழே இரண்டரை மாத வெயிலில் நின்றது. ஐப்பசி மாதம் மழை வந்தது. அதோடு கந்தசஷ்டியும் வந்தது.

அம்மா அந்த வருசம் சஷ்டியை மிளகும் தண்ணீருமாகப் பிடித்தார். ஆறு நாளும் வேறெதுவும் இல்லை. எனக்காகத்தான். என் பரீட்சை முடிவுக்காக. "விஞ்ஞானப்படி பேப்பர் எல்லாம் ஏற்கெனவே திருத்தி முடிஞ்சுது அம்மா, இனி முருகன் என்ன செய்யிறது?" என்று கேட்டவள்தான் நான். ஆனால் உள்ளுக்குள் பயம். பொருளியலில் இரண்டாம் கேள்வியை முருகனைத் தவிர வேறு யாராலும் காப்பாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும்.

நாலாம் நாள் காற்றெழும்பிப் படகு நின்றது. ஐந்தாம் நாள், அன்றாடம் அரிசி வாங்கும் கடையில் சாக்கு காலி. ஆறாம் நாள், சூரன்போரன்று மத்தியானம், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, நாளைக்கு விடியப் பாறணை. விரத அரிசி எடுத்துத் தாறியே?"

ஏழாம் நாள் விடிய முழுகி, சுத்தமாகச் சமைத்த மரக்கறிச் சோற்றைப் படைத்துச் சாப்பிட்டால்தான் அந்த விரதம் முடியும். அது பிழைத்தால் ஆறு நாள் பட்டினிக்கும் பலனில்லை என்பது அம்மாவின் நம்பிக்கை.

இதோ, அவசரகாலம்! நான் காத்திருந்த நாள். விசிலைக்கூடத் தேடினேன். அப்பாவை அழைத்து, மெழுகைச் சுரண்டி, ரியூப்பை அவிழ்த்து, மூடியைத் திறந்தோம்.

அந்த மணத்தை எழுத்தில் சொல்ல நான் படித்த படிப்புப் போதாது. படகு எஞ்சின் புகையிலேயே சீவிக்கிற அப்பா இரண்டடி பின்னால் போனார். பொலித்தீன் பை வெடித்து, கருவாடு உருகினாற்போல் அரிசிக்கு மேலே படுத்துக் கிடந்தது. அரிசி மணத்தது. சீனி மணத்தது. குளிக்கிற சவர்க்காரமே கருவாடு மணத்தது.

அம்மா வாசலில் நின்றார். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

"கருவாட்டையும் உதுக்குள்ளையோ வச்சனீ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மழைக்குள் இறங்கிக் கிணற்றடிக்குப் போய் இன்னொருதரம் முழுகினார். ஆறு நாள் சாப்பிடாத மனிசி. அவர் ஏசியிருந்தால் நான் நன்றாக இருந்திருப்பேன்.

படித்தவள் அல்லவா, தீர்வு தேடினேன். அரிசியை ஏழு தண்ணீரில் கழுவினேன். மஞ்சள் போட்டுக் கழுவினேன். தேசிக்காய் பிழிந்து கழுவினேன். கடைசியில் சுளகில் பரப்பி, சாம்பிராணிப் புகை காட்டினேன். இப்போது கோயிலுக்குள் கருவாடு காயப்போட்டது போல மணத்தது.

அந்த நேரம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெரியம்மா வந்து இறங்கினார்.

"ஆரடி சூரன்போருக்குக் கருவாடு பொரிக்கிறது? பின்வளவுச் சனம் என்னட்டை வந்து கேக்குது, உங்கட தங்கச்சி வீட்டிலை எல்லாரும் சமயம் மாறிட்டினமோ எண்டு!"

"பொரிக்கேல்லைப் பெரியம்மா… பரல்…"

அவர் பரலை எட்டிப் பார்த்தார். சுளகைப் பார்த்தார். சாம்பிராணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப மழை நிண்டிட்டுதோ?"

அழுதுவிட்டேன். "அம்மான்ரை விரதம் போச்சு பெரியம்மா. உங்கட அரிசியும் போச்சு. என்னாலைதான்."

"என்ரை அரிசி ஏன் போகுது?"

"நீங்கள் தந்தது…"

"அது கோழிக்கு வச்சிருந்த குறுணல். நீ விசிலும் கழுத்துமா வந்து நிண்டு கேட்டாய். குடுக்காட்டி விடமாட்டாய் எண்டு தந்தனான்." சாக்கை உதறினார். "நல்லரிசி என்ரை சாமியறையிலை, விளக்குக்குப் பின்னாலை அரைப் பானை இருக்கு. வந்து தூக்கு. அழுகிறதை அங்கை வந்து அழு."

அடுத்தநாள் விடிய, பெரியம்மாவின் அரைப் பானை அரிசியும் வளவு முருங்கையிலையும் வாழைக்காயுமாகப் பாறணை நடந்தது. அம்மா முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. வைத்தார். மென்றார். "உப்புக் காணாது" என்றார். அதைவிட நல்ல செய்தியை அன்றைக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

பரல் அரிசியை அப்பா விடவில்லை. மற்றநாள் சமைக்கச் சொல்லி, வெறுஞ்சோற்றை இரண்டு கோப்பை சாப்பிட்டார். "நல்ல கண்டுபிடிப்பு மேனை. சோத்துக்குள்ளையே கறி இருக்கு."

முடிவு வந்தது. மூன்று பாடமும் சித்தி, பாஸ்தான். ஆனால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குப் புள்ளி காணாது. அம்மா முருகனுக்குத் தேங்காய் உடைத்தார். பெரியம்மா மட்டும் தன் கணக்கைச் சொன்னார்: "அரைப் பானை அரிசிக்கு அவ்வளவுதான் வரும்."

கதை அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தொண்டர் ஆசிரியை வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். அதிகாரி பரலுக்குள் இருந்த அந்தக் கோவையைத் திறந்தார். சான்றிதழைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வாசித்தார்.

"பிள்ளை தீவுப் பக்கமோ?"

"ஓம் சேர். நயினாதீவு. விலாசம் அதிலை இருக்கு."

"விலாசம் நான் இன்னும் வாசிக்கேல்லை" என்றார்.

வேலை கிடைத்தது. ஆனால் வீட்டில் எந்தக் கடிதம் வந்தாலும் அப்பா அதை முதலில் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருவார். "நான் வாசிச்சிட்டன், இனி நீ வாசி."

ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த வருசம் சண்டையில் தரைப்பாதை பூட்டி, யாழ்ப்பாணம் முழுக்கச் சாமான் இல்லாமல் தவித்தபோது, நான் திரும்ப நிரப்பி வைத்த அதே நீலப் பரல்தான் எங்கள் இரண்டு வீட்டையும் பல நாள் தாங்கியது. மணத்தைப் பற்றி யாரும் அப்போது முறையிடவில்லை. பெரியம்மாகூட.

பரல் மணத்த அந்தச் சஷ்டி முடிந்து நாலு வருசம். போன கிழமை தீவுப் பெண்களுக்கு அவசரகால ஆயத்தம் பற்றிப் பயிற்சி கொடுக்க ஆள் கேட்டார்கள். முதலில் உயர்ந்தது என் கைதான். திரும்பி வரும்போது அதே கையால் ஒரு வெள்ளைப் பரலும் வாங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். நீலப் பரலில் ஒரு மீன் கீறினேன், வெள்ளைப் பரலில் ஒரு குத்துவிளக்கு. எழுத்து ஒன்றும் இல்லை. அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்ப விளங்குது" என்றார்.

பெரியம்மா வந்து ஒரு பை அரிசி தந்தார். கையை விட்டு அளைந்து பார்த்தேன். இந்த முறை நல்லரிசிதான்.

"என்னடி, என்னை நம்பேல்லையோ?"

"நம்பாமல் என்ன பெரியம்மா" என்றேன்.

அவர் வாசற் படலையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே போய், எங்கள் சாமியறை விளக்குக்குப் பின்னால் அரைப் பானை அரிசியை ஒளித்து வைத்தேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.