ஏழாம் தட்டுக் கேழ்வரகைப் பிடுங்க மறுத்து எழுதியது

அன்பிற்குரிய மாப்பிள்ளை ஆசிர் அவர்களுக்கு,

ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து மாமனார் ஞானசுந்தரம், ஓய்வுபெற்ற வழக்குரைஞர், பதிவுத் தபாலில் எழுதுவது. கர்த்தரின் கிருபையால், தங்கள் மின்னஞ்சல் வரும்வரை என் இரத்த அழுத்தம் சீராகவே இருந்தது. தாங்களும் மகள் ஆஷ்லினும் அங்கு நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. நிலவில் பசுமைக்குடில் அமைத்துப் பயிர் செய்ய முடியுமா என்றறிய, தங்கள் ஆய்வகம் என் தோட்டத்தில் போட்ட குடிலில், நிலவு மண்ணுக்கு ஈடான பொடி நிரப்பிய பன்னிரண்டு தட்டுகளில் கேழ்வரகு விதைக்கப்பட்டதும், பதினொன்று பட்டுப்போய் ஏழாம் தட்டில் மட்டும் கதிர் வந்திருப்பதும் உண்மை. வெளிப்பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது என்ற விதியை மீறி, தண்ணீர் ஊற்ற வரும் கொட்டச்சேடு கிராமத்து அத்தாயி, தாம் பயிரிடும் காட்டு மண்ணை ஒரு பிடி போட்டதும் உண்மை. அதை நானேதான் தங்களுக்குத் தெரிவித்தேன். தாங்களோ, திங்கட்கிழமை வந்து அந்தப் பயிரைப் பிடுங்கப்போவதாகவும், விதியை மீறிய அத்தாயி இனிக் குடிலுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் மறுக்கிறேன்.

அத்தாயியை முறைப்படி விசாரித்தேன்.

"ஏனுங்க வக்கீலய்யா, புதுக்காட்டுல மொத வெதைக்கறப்ப பழைய காட்டு மண்ணு ஒரு பிடி போடாம எப்படீங்க வெளையும்?"

"இது நிலவும்மா."

"நெலாவா இருந்தா என்னங்க, காடு காடுதானுங்களே."

முப்பத்தாறு ஆண்டுகள் சேலம் நீதிமன்றத்தில் நின்றவன் நான். இதை அப்படியே என் தரப்பு வாதமாக ஏற்கிறேன். மேலும், தாங்கள் அனுப்பிய நிலவு மண், நாமக்கல் பக்கத்துப் பாறையை இடித்த பொடி என்று சாக்கிலேயே எழுதியிருக்கிறது. நாமக்கல் பாறை நிலவாகலாம், கொட்டச்சேட்டு மண் மட்டும் அந்நியமா? நாளை நிலவுக்குக் குடிபோகிறவர் ஒரு பிடி மண்ணை மடியில் முடிந்துகொண்டு போனால் எந்தச் சட்டம் தடுக்கும்? குடிலைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டேன். திங்கட்கிழமை தாராளமாக வாருங்கள். மாப்பிள்ளைக்குரிய கோழிக்குழம்பு உண்டு, சாவி கிடையாது.

ஆஷ்லினுக்கு என் ஆசி. தங்களிருவரையும் ஆண்டவர் காப்பாராக. கதிரை நான் காப்பேன்.

இப்படிக்கு,
ஞானசுந்தரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை அத்தாயிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நான் மண்ணு போட்டது கதவோரத்துத் தட்டுலீங்க. அதுதான் மொதல்ல செத்துப்போச்சு. ஏழாவது, நீங்க தெனமும் வெப்பம் பாத்து எழுதறப்ப டம்ளரு அடியில நின்ன காப்பிய ஊத்துவீங்களே, அந்தத் தட்டுங்க. சொன்னா நொம்ப வருத்தப்படுவீங்கன்னு சும்மா இருந்துட்டனுங்க" என்றார். எந்தத் தட்டு என்று விசாரணையில் நான் கேட்கவேயில்லை. ஆகவே, மேலே விதியை மீறியவராக அத்தாயி வரும் இடங்களிலெல்லாம் என் பெயரைப் படித்துக்கொள்ளவும். பயிரைப் பிடுங்க மறுப்பதில் மாற்றமில்லை. சாவி இப்போது அத்தாயியிடம் இருக்கிறது. எனக்கும் தர மறுக்கிறார்.