லுட்டோபாசி குற்றப்பட ரசிகர் பேரவையும் காணாமல் போன குழாய்களும்

குற்றம் என்னும் பெருங்கலையை முழுமையாகக் கற்றுத் தேர்ந்தவர்கள் உலகில் மூன்று சாரார்தான்: திருடர்கள், போலீஸ்காரர்கள், பிறகு தலைநகர் கம்பாலாவின் பள்ளத்தில் இருக்கும் லுட்டோபாசி வட்டாரத்துக்காரர்களாகிய நாங்கள். முதல் இரு சாராரும் வயிற்றுப் பிழைப்புக்காகக் கற்றவர்கள். நாங்கள் மட்டுமே கலைக்காகக் கற்றோம். வீடியோக் கொட்டகையில் முன்கூட்டியே பெஞ்சைப் பிடித்து, பொரித்த வெட்டுக்கிளியைக் கொறித்துக்கொண்டு, கண் இமைக்காமல் கற்றோம். இதற்காக நாடு எங்களை இன்னும் கௌரவிக்கவில்லை என்றால் நஷ்டம் நாட்டுக்குத்தான்.

‘லுட்டோபாசி குற்றப்பட ரசிகர் பேரவை’யின் நிறுவனர், தலைவர், நிரந்தரத் தலைவர் ஆகிய பொறுப்புகளை கயோண்டோ ஆகிய நானே சுமந்து வருகிறேன். ஓய்வு நேரத்தில் போடா, அதாவது வாடகை மோட்டார் சைக்கிள், ஓட்டுவதும் உண்டு.

பேரவை எல்லாக் குற்றப்படங்களையும் அங்கீகரித்துவிடாது. துப்பறிபவன் முகச் சவரம் செய்திருந்தால் நாங்கள் எழுந்து போய்விடுவோம். படம் முழுக்க மழை பெய்ய வேண்டும். சுவரில் பாசி படர்ந்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தவன் அடுத்த காட்சியில் சாக வேண்டும். இப்படிப்பட்ட உயர்ந்த படைப்புகளுக்கு ‘அழுக்குப் படம்’ என்று பேரவை பெயர் சூட்டியது. எங்கள் பாஸ்டர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒரு ஞாயிறு முழுக்க எங்களுக்காக அழுது ஜெபித்தார். விளக்கம் அளிக்கப்பட்டதும் அவரே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, எதிர்பார்த்த அழுக்கு இல்லை என்று வருத்தப்பட்டார். ஜெனரேட்டர் களைத்துப்போய்த் திரை இருண்டுவிட்டால், யார் யாரைச் சுட்டார்கள் என்றே தெரியாது. பேரவையின் முதல் பரிசு அத்தகைய படங்களுக்கே வழங்கப்பட்டு வருகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம், வில்லனுக்கு ‘ஆழம்’ இருக்க வேண்டும். அவன் ஏன் கெட்டுப்போனான் என்று நாம் உருக வேண்டும். நல்லவர்களுக்கு ஆழம் கிடையாது. அவர்கள் நல்லவர்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

படங்கள் ஆங்கிலத்தில் பேசும். அதை நாங்கள் கேட்பதில்லை. திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் வீஜே சேக்கிட்டோ எங்கள் லுகாண்டா மொழியில் கதை சொல்லுவான். அதுதான் எங்களுக்குப் படம். திரையில் ஒருவன் ‘நோ’ என்று ஒற்றைச் சொல் உதிர்த்தால், சேக்கிட்டோ அவனுடைய மாமியாருக்கு வந்த வாதநோய் வரைக்கும் சொல்லி முடிப்பான்.

இப்போது சாக்கடை பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழை வந்தால் மேட்டில் இருப்பவர்கள் குடை விரிப்பார்கள். லுட்டோபாசியில் நாங்கள் கட்டில்மேல் ஏறிக்கொள்வோம். என் வீடும் மரவள்ளி பொரித்து விற்கும் நக்கிபூலே அக்காவின் வீடும் சாக்கடைக் கால்வாயை ஒட்டியே இருக்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் அக்கா மண்வெட்டியோடு இறங்கி அடைப்பை எடுப்பார். பல வருடங்கள் மனுப்போட்டு, கடைசியில் கால்வாய்க்கென்று பெரிய பெரிய சிமெண்டுக் குழாய்கள் வந்திறங்கின. அவற்றைப் பதித்துவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர் வராது என்றார்கள். சில நாட்கள் பிள்ளைகள் அவற்றுக்குள் ஒளிந்து விளையாடினார்கள். பிறகு குழாய்களைக் காணவில்லை. அதே சமயத்தில், எங்கள் வட்டார சேர்மன் முட்யாபா மேட்டில் கட்டிக்கொண்டிருந்த வாடகை வீடுகளின் வாசலில் அருமையான வட்டத் தூண்கள் முளைத்தன. நடுவில் ஓட்டை உள்ள தூண்கள். ஓட்டையில் பூச்செடி வைத்திருந்தார்.

அந்த வாரம் ஒரு துறைமுக தாதாவின் படம் ஓடியது. தாதா சுருட்டைப் பற்றவைத்தான். சேக்கிட்டோ மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டான்.

“இவன் யாருன்னு தெரியுதா? சாக்கடைக் குழாயைத் தின்னவன். தின்னுட்டு ஏப்பம்கூட விடாம வாசல்ல பூச்செடி வச்சுக்கிட்டவன்.”

எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ஏனென்றால் முன்வரிசையில், பெஞ்சு அல்லாத ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில், சேர்மன் முட்யாபா உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் பேரவையின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினேன். கதையில் நம்பகத்தன்மை இல்லை என்பது என் குற்றச்சாட்டு. ஒரு தாதா வைரம் திருடலாம், வங்கியைத் திருடலாம், தங்கம் ஏற்றிவந்த கப்பலையே திருடலாம். சாக்கடைக் குழாயைத் திருடுவானா? அதில் குற்றத்துக்குரிய கம்பீரம் எங்கே? சேக்கிட்டோ தன் தரப்பை ஒரே மூச்சில் சொன்னான்.

“அது கதை இல்லைங்க. மேட்டுக்குப் போய் வாசலைப் பாருங்க.”

படத்துக்கு வெளியே போய்ப் பார்ப்பது ரசிகனின் வேலை அல்ல என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

சேர்மனோ மறுநாளே வேறு மனிதராகிவிட்டார். கொளுத்தும் வெயிலில் கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டார். பல்குத்தும் குச்சியை வாயோரம் செருகிக்கொண்டு, ஒரு வாக்கியத்தின் முதல் பாதியைச் சொல்லிவிட்டு மறுபாதிக்கு எங்களைக் காக்க வைத்தார். மடியில் ஒரு பூனையை வைத்துத் தடவிக்கொடுத்தார். பூனை சிக்காத நாட்களில் கோழியைத் தடவினார். ஊரே ஆச்சரியப்பட்டது. நிழல் விழுவதற்காகத் தொப்பியைச் சரித்துவைத்தபோது பேரவை உறுப்பினர் ஒருவர் கண்கலங்கியதை நானே பார்த்தேன்.

சேர்மன் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் அவர் எனக்கு ஆள் அனுப்பினார். தூண்களின் வழியாகத்தான் உள்ளே போனேன். நல்ல உறுதியான தூண்கள்.

“விமர்சகரே, எல்லாரும் என்னை வில்லன்னு சொல்றாங்க. ஜெயிக்க அது போதுமா?”

“போதாது சேர்மன். ஆழம் வேணும். சின்ன வயசுல உங்களுக்கு என்ன கொடுமை நடந்துச்சு?”

கோழியைத் தடவியபடி நெடுநேரம் யோசித்தார். “எங்கப்பா எனக்கு சைக்கிள் வாங்கிக் குடுத்தாரு.”

“அது சரிப்படாது. அடிச்சாரா?”

“இல்லையே. சைக்கிள்லேருந்து ஒருவாட்டி விழுந்தேன்.”

“அதைப் பாத்து சிரிச்சாரா?”

“தூக்கிவிட்டு சோடா வாங்கிக் குடுத்தாரு.”

இவ்வளவு மோசமான கச்சாப்பொருளை நான் கண்டதில்லை. ஆனாலும் கலைஞன் பின்வாங்கலாமா? அப்பாவைச் செருப்பில்லாதவர் ஆக்கினேன். சோடாவை நீக்கினேன். வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய அந்த ஒரே சைக்கிளை, ஒரு மழைநாளில், இதே லுட்டோபாசிச் சாக்கடை அடித்துக்கொண்டு போகும்படி செய்தேன். அன்றிலிருந்து சிறுவன் முட்யாபாவுக்குச் சாக்கடைமீது தீராத பகை. அதற்கென்று வரும் எதையும் அவனால் தாங்க முடியாது. குழாய் வந்தால் எடுத்துவிடுவான். காரண காரியப் பொருத்தம் இம்மியும் பிசகவில்லை. வாசித்துக் காட்டியபோது சேர்மன் தேம்பித் தேம்பி அழுதார். இது தன் வாழ்க்கையில் நடந்தது தனக்கே இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றார்.

எதிர்த்து நின்றது நக்கிபூலே அக்கா. நடுநிலை தவறக் கூடாது என்பதற்காகப் பேரவை அவரையும் நேர்காணலுக்கு அழைத்தது. எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்தார். இருண்ட ரகசியம் ஏதாவது உண்டா என்று கேட்டோம். இல்லை என்றார். யாருக்காவது துரோகம் செய்ததுண்டா என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒருநாள் ஒருவருக்கு மரவள்ளியைக் குறைத்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பேரவை நிமிர்ந்து உட்கார்ந்தது. உறுப்பினர்களின் கண்களில் ஒளி வந்தது.

“ஏன்கா அப்படிப் பண்ணீங்க? பழிவாங்கறதுக்கா?”

“எண்ணிக்கை தப்பிருச்சு. மறுநாள் காலையில வீட்டுக்கே போய் மிச்சத்தைக் குடுத்துட்டேன்.”

பாத்திரப் படைப்பில் வளர்ச்சி இல்லை என்று குறிப்பு எழுதி அனுப்பிவைத்தோம். மழைக்காலம் வந்துருச்சு, குழாயை எப்படியாவது கீழே கொண்டுவரணும் தம்பி, நம்ம ரெண்டு வீட்டுலயும் சின்னப் பிள்ளைங்க இருக்கு என்று வாசலில் நின்று என்னிடம் சொன்னார். அக்காவின் வசனம் எப்போதும் இப்படித்தான். நேராக விஷயத்துக்கு வந்துவிடும். ரசிப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது.

எங்கள் வட்டாரத் தேர்தலில் பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. மைதானத்தில் வேட்பாளர்கள் நிற்பார்கள். யார் வேண்டுமோ அவருக்குப் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். தலைகளை எண்ணி முடிவு சொல்லிவிடுவார்கள். கள்ள ஓட்டுக்கு வழியில்லாத முறை. யார் எங்கே நின்றார்கள் என்பதை ஊரே பார்க்கும்.

முதலில் அக்கா பேசினார். “குழாயை எறக்கி, பதிச்சு, மேல மூடி போடணும். எனக்கு வேற கதை தெரியாது.” அவ்வளவுதான். விளம்பரம் முடிந்து படம் ஆரம்பிக்கும் என்று காத்திருந்தோம்; அதுதான் படமாம்.

சேர்மன் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மேகத்தைப் பார்த்தபடி நின்றார். மழை தூற ஆரம்பித்தது. இயற்கைக்கே அவர்மேல் ஒரு ஈடுபாடு.

“ஆமா. எடுத்தேன். குழாயை எடுத்தது நான்தான். ஆனா ஏன் எடுத்தேன்னு... உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா?”

கேட்கவில்லைதான். மைதானம் வெட்கித் தலைகுனிந்தது. பிறகு சைக்கிள் வந்தது, செருப்பில்லாத அப்பா வந்தார், வெள்ளம் வந்தது. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எழுதியவன் நானாக இருந்தும் என்னாலேயே அடக்க முடியவில்லை. ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாக இருந்த சேக்கிட்டோ, பழக்க தோஷத்தில், லுகாண்டாவில் பேசிய சேர்மனை லுகாண்டாவிலேயே மொழிபெயர்த்தான்.

“அவர் சொல்றது என்னன்னா, குழாய் திரும்பி வராது.”

அவனிடமிருந்து மைக் பறிக்கப்பட்டது.

வரிசைகள் உருவாயின. சாக்கடையோரத்துப் பெண்கள் அக்காவின் பின்னால் போனார்கள். என் மனைவி நன்யோன்ஜோ மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நின்றாள். பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தாள். என்னையே பார்த்தாள். என் கால் அந்தப் பக்கம் ஓரடி வைத்தது, அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் நான் தனிமனிதனா? ஒரு பேரவை. தலைவன் போகும் வழியைத்தான் உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலையா குடும்பமா என்ற அந்தச் சோதனையில் நான் சேர்மனுக்குப் பின்னால் போய் நின்றேன். பேரவை மொத்தமும் என் பின்னால் வந்து நின்றது. எங்கள் வரிசை மைதானத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போயிற்று. குற்றத்தை ஒப்புக்கொண்ட வேட்பாளருக்கு இத்தனை பெரிய வரிசை வேறெங்கும் நின்றிருக்காது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

வெற்றி விழாவாக அடுத்த சனிக்கிழமை மதியம் சிறப்புக் காட்சி நடந்தது. திரையில் மழை, வெளியேயும் மழை. கொஞ்ச நேரத்தில் பெஞ்சுக்கு அடியில் தண்ணீர் காலைத் தொட்டது. படத்தின் ஈரம் பார்வையாளனைத் தீண்டுவது அபூர்வம் என்று எடுத்துரைத்தேன். எல்லாரும் காலைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு ஆமோதித்தார்கள். வெட்டுக்கிளிப் பொட்டலம் ஒன்று மிதந்து போயிற்று. பிறகு ஜெனரேட்டர் முழுகி, திரை முற்றிலும் இருண்டது. பரிசுக்குரிய இருட்டு. அந்த இருட்டில்தான் யாரோ சாக்கடையோரத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று கத்தினார்கள்.

ஓடினேன். பாதி வழியில் ஓட முடியவில்லை. முழங்கால் வரை தண்ணீர். என் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. நன்யோன்ஜோ மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேட்டில், பூச்செடித் தூண்களுக்கு நடுவில், சேர்மன் குடைக்குக் கீழே கோழியோடு நின்று வெள்ளத்தைச் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கால்வாய்க்குள் இடுப்பளவு தண்ணீரில் நக்கிபூலே அக்கா நின்றிருந்தார். ஒரு கையில் மண்வெட்டி. மறுகையில், தோளோடு அணைத்தபடி, என் மகள். குளிரில் பிள்ளைக்குப் பல் தந்தியடித்தது. கை நீட்டினேன். அக்கா உடனே கொடுக்கவில்லை.

“தம்பி, நீ விவரம் தெரிஞ்சவன். ஒண்ணு கேக்கணும். உங்க படத்துல வில்லனுக்குப் பின்னாடி வரிசையா நிப்பாங்களே, அவங்க பேரெல்லாம் என்ன?”

கேள்வி என் துறையைச் சார்ந்தது. எனவே தண்ணீரில் நின்றபடியே முறைப்படி விடையளித்தேன்.

“அவங்களுக்குப் பேரு கிடையாதுக்கா. வசனமும் கிடையாது. எதுக்கு நிக்கிறோம்னு அவங்களுக்கே தெரியாது. வில்லனுக்கு ஒண்ணும் ஆகறதுக்கு முன்னாடி, மொதல்ல சாகறது மட்டும் அவங்கதான்.”

அக்கா பிள்ளையை என் தோளுக்கு மாற்றினார்.

“நல்லாத்தான் கத்து வச்சிருக்க,” என்றார். “இறுக்கிப் பிடிச்சுக்கோ. தண்ணி ஏறுது.”