அஸருக்குப் பிறகு ஓடும் தாரா

நேரத்தைத் திட்டம் போட்டுச் செலவழிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் கொட்டாவிதான் வருகிறது. ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்துக்கே நான் தலைவியாக இருந்ததால், அவர்களைத் திட்டவும் வாய் வருவதில்லை.

கல்முனையில் ஏ.எல் படித்தபோது பாடசாலை ரோபோ அணிக்கு என்னைத் தலைவியாகப் போட்டார்கள். (வேறு யாரும் கை உயர்த்தவில்லை.) விரிப்பில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்து அதன்மேலேயே ஓடுகிற சின்ன வண்டிதான் எங்கள் ரோபோ. வாத்து மாதிரி ஆடி ஆடிப் போனதால் தாரா என்று பெயர் வைத்தோம்.

எங்களுக்குக் கிடைத்த நேரமோ பின்னேர அஸர் தொழுகைக்கும் பொழுதுபட வரும் மஃரிபுக்கும் இடைப்பட்டது மட்டும். பாடசாலை விட்டதும் எல்லாருக்கும் டியூஷன் கிளாஸ். மஃரிபு பாங்குக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தையும் வாப்பா கெமிஸ்ட்ரிக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். மாவட்டப் போட்டியில் தாரா கோட்டை முழுதாக ஓடி முடித்தால் நான் அணியில் இருக்கலாம். இல்லாவிட்டால் பின்னேரமெல்லாம் கெமிஸ்ட்ரி. நாள் முழுக்க நான் மூச்சு விடுகிற ஒரே இடம் தாரா ஓடுகிற பாடசாலை லெப்தான்.

ஆகவே நிர்வாகத்தைத் தொடங்கினேன். யார் எப்போது ஆணி முடுக்குவது, எப்போது தண்ணீர் குடிப்பது, எப்போது சிரிப்பது என்பதுவரை பிரித்துக் கொடுத்தேன். பிரித்துக் கொடுப்பதற்குள் பாதிப் பின்னேரம் போய்விடும். மீதியில், புரோகிராம் எழுதும் என் தோழி சிஃப்னா, தாராவின் கண்ணை, அதாவது வெளிச்சம் அளக்கிற சென்சரை, அந்நேர வெளிச்சத்துக்குச் சரிசெய்வாள். மேற்கு யன்னலால் மஞ்சள் வெயில் விழ, தாரா அழகாக ஓடும்.

சிஃப்னா ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்: "காலையில இன்டவலுக்கும் ஒருக்கா ஓட்டிப் பாப்பமாகா?"

"அதுக்கு நேரம் ஒதுக்கல்ல" என்றேன், மந்திரி மாதிரி.

போட்டி அம்பாறையில், காலை வேளையில். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மண்டபத்தின் கிழக்கு யன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன, பளீரென்று வெயில். தாராவைக் கோட்டில் வைத்து சுவிட்சைத் தட்டினேன். பாவம், அது பிறந்ததிலிருந்து காலை வெயிலைக் கண்டதே இல்லை. நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கோட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் நடுவர்களின் மேசைக்குக் கீழே போய், ஒரு நடுவரின் கறுப்புச் சப்பாத்தில் முட்டத் தொடங்கியது. அவர் காலை இழுக்க இழுக்க, இதுவும் விடாமல் பின்னாலேயே போனது. (கறுப்பு என்றாவது கண்டுபிடித்ததே!) மண்டபமே சிரித்தது. சிரிப்பதற்கு நேரம் ஒதுக்கிய நான் மட்டும் சிரிக்கவில்லை.

லெப் முடிந்துபோயிற்று என்று வரும் வழியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அஸர் தொழுதுவிட்டு வாப்பா சொன்னார்: "அந்த விரிப்ப விரிங்க மகள், ஒருக்காப் பாப்பம்."

ஹோலில் விரித்தேன். மேற்கு வாசலால் வெயில் விழுந்துகொண்டிருந்தது. தாரா தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு பிசகும் இல்லாமல் ஓடி நின்றது. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

வாப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓம், ஓடத்தான் செய்யிது. பின்னேரத்த நீங்களே வெச்சிக்கங்க மகள்" என்றார். நான் கண்ணைத் துடைப்பதற்குள் மீதியையும் சொன்னார்: "கெமிஸ்ட்ரிக்கு விடிய சுபஹு தொழுகைக்குப் பொறகும் ஒரு கிளாஸ் இரிக்கி."

அன்று போன காலைத் தூக்கம்தான், இன்றுவரை எனக்குத் திரும்பி வரவில்லை. இப்போது என் பிள்ளைகள் காலையில் எதையாவது கேட்டு, நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு விறைத்து நின்றால், வாப்பா கதிரையில் இருந்தபடியே அவர்களைக் கூப்பிடுகிறார்: "உம்மாவ உடுங்க புள்ளையள். அது அஸருக்குப் பொறகுதான் ஓடும்."